மடியைத் திட்டாதீக மருமகனே

வாங்க மருமகனே, திண்ணையில உக்காருங்க. ஆடு பால் தரமாட்டேங்குதுன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீகன்னு ஒங்க அத்தை சொன்னா. ஆட்டுக்கு எம்புட்டுத் திமிரு! பட்டணத்து வேலைய உதறிட்டு வந்து கொட்டில் போட்ட ஆளுக்கு ஒரு மரியாத வேண்டாமா?

நீங்க வாங்குனது கன்னி ஆடு. நம்ம கரிசக்காட்டுல கறிக்கும் குட்டிக்கும் பேர்போனது. ரெட்டக் குட்டி போட்டு, ரெண்டுக்கும் ஊட்டுனது போக மிஞ்சுனாலே பெரிய காரியம். அதுகிட்டப் போயி செம்ப நீட்டுறீக. தலச்சேரி ஆடோ ஜமுனாபாரியோ வாங்கி நல்லாப் பாத்துக்கிட்டா நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல கறக்கும். வெலயக் கேட்டதும் பின்வாங்கிட்டீகளாமே? சிக்கனம் நல்லதுதான்.

அதுலயும் தலையீத்து. மூணாவது, நாலாவது ஈத்துலதான் மடி நல்லா எறங்கும். குட்டி போட்டு ரெண்டு மாசத்துக்குள்ள பால் உச்சத்துக்குப் போயி, பெறகு மெல்லக் கொறையும். நீங்க நாலாம் மாசம் செம்போட வந்து நிக்கீக.

செனை 150 நாளு. கடைசி ரெண்டு மாசத்துலதான் உள்ள குட்டி தெரளும், மடியும் தேறும். அந்த நேரம் பாத்து, ‘பால்தான் இல்லயே, புண்ணாக்கு எதுக்கு’ன்னு நிறுத்துனீக பாருங்க, அது கணக்கு!

ஆட்டுப்பாலுல நூத்துக்கு 87 பங்கு தண்ணிதான். ஒங்க தொட்டியில பாசி பச்சப்பசேல்னு மெதக்குது. ஆடு மோந்து பாத்து, ஒரு தும்மு தும்மிட்டுத் திரும்பிப் போறத நானே பாத்தேன். அது மூக்கு அப்படி. தேச்சுக் கழுவி ஊத்துங்க, குடிக்கும்.

கறக்கைலயும் ஒரு கையில போனு. அது அலறுது, நாய் கொரைக்குது, ஆடு மிரண்டு பாலை அடக்கிக்கிடுது. இன்னைக்கு ஆறு மணி, நாளைக்குப் பத்து மணின்னு கறந்தா மடியில பால் தேங்கும். தேங்குனா சொரப்பு கொறையும். மொதப் பீச்சைக் கறுப்புத் துணியில விட்டுப் பாருங்க. திரிதிரியா விழுந்தா மடிநோய். அதுல வெளையாட்டு இல்ல, கால்நடை டாக்டரக் கூப்பிட்டுருங்க.

அப்புறம் அந்தக் கிடாய எதுக்குப் பக்கத்துலயே கட்டிப் போட்டிருக்கீக? கறந்த அரைச் செம்புப் பாலும் கிடா வாடை அடிக்குது. ஒங்க அத்தை அதுல டீ போட்டு, நீங்க குடுத்ததுன்னு பெருமையா எனக்குத்தான் நீட்டுனா.