செத்த பேட்டரிக்கு உயிர் கொடுப்பது எப்படி?

பெங்களூரு ஓரத்துச் சந்தாபுராவில் கரண்ட் போகும் நேரம் பார்த்துத்தான் எமர்ஜென்சி லைட்டும் கண்ணை மூடும். மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்ததை எடுத்து சுவிட்சைப் போடுவீர்கள், எரியாது. முதலில் அதை உள்ளங்கையில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டுங்கள். பலன் இருக்காது. ஆனால் தட்டாவிட்டால் வீட்டில் மரியாதை போய்விடும்.

அடுத்து, எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் மச்சானுக்கு போன் போடுங்கள். அவர் எழுதுவது ஜாவா. இருந்தாலும், "ராத்திரி ஃபிரிட்ஜ்ல வச்சுப் பாரு மாப்ள" என்பார். வையுங்கள். காலையில் பேட்டரி செத்ததோடு ஜில்லென்றும் இருக்கும்.

இனி பெங்களூருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டுக்குப் போய் ஒரு மல்ட்டிமீட்டர் வாங்குங்கள். புது லைட்டே வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்களோடு பேச்சு வேண்டாம். மீட்டரை வைத்தால் பூஜ்யம் காட்டும். அழ வேண்டாம், இங்கேதான் விஷயம் இருக்கிறது. விரல் பருமன் லித்தியம் செல்லின் அடியில், பிளாஸ்டிக் உறைக்குள், காசு அளவில் ஒரு பச்சை சர்க்யூட் பலகை ஒளிந்திருக்கும். செல் சுமார் 2.4 வோல்ட்டுக்கு இறங்கியதும், 'இதற்கு மேல் உறிஞ்சினால் ஆள் காலி' என்று அது இணைப்பைத் துண்டித்துவிடும். அபார்ட்மென்ட் வாட்ச்மேன் கேட்டைப் பூட்டியதைப் பார்த்து, உள்ளே குடியிருப்பவர் இறந்துவிட்டார் என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள்.

பல நேரம் சாதாரண சார்ஜரைச் செருகினாலே கேட் திறந்துவிடும். ஆனால் சில புத்திசாலி சார்ஜர்கள் முதலில் வோல்டேஜ் பார்க்கும். பூஜ்யம் என்றால் தொடவே தொடாது. அப்போது யூடியூப் வைத்தியம் வரும்: நல்ல பேட்டரியிலிருந்து வயர் இழுத்து அப்படியே செத்ததில் வை. தேவையான பொருட்கள்: வயர் இரண்டு துண்டு, மணல் ஒரு வாளி, தீயணைப்பு நிலைய நம்பர். பிளஸ், மைனஸ் மாறினால் நம்பர் முதலில் உதவும்.

இந்த வீர விளையாட்டில் ருசி இல்லாத கோழைகளுக்கு வேறு வழி உண்டு. 50 முதல் 100 மில்லி ஆம்பியர் கரண்டை மெதுவாகக் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து, 3 வோல்ட் வரை ஏற்றிவிட்டு, பிறகு வழக்கமான சார்ஜருக்கு மாற்றுவார்கள். சூடானால் பிடுங்கிவிடுவார்கள். செல் 2 வோல்ட்டுக்குக் கீழே பல நாள் கிடந்திருந்தால் அதைத் தொடவே மாட்டார்கள். அந்த நிலையில் உள்ளே இருக்கும் தாமிரத் தகடு கரையும். சார்ஜ் ஏற்றும்போது அந்தத் தாமிரம் வேண்டாத இடத்தில் படிந்து, உள்ளேயே ஷார்ட் ஆக்கும். உயிர் வந்ததாக நீங்கள் குதூகலிக்கும் பேட்டரி நடுராத்திரியில் தீப்பிடிப்பது இப்படித்தான். வீங்கியதற்கும் இதே தீர்ப்பு: வைத்தியம் கிடையாது.

எல்லாம் தோற்றால் சந்தாபுரா ஏரியில் வீசலாம் என்று தோன்றும். அந்த ஏரியைப் பாழாக விட்டதற்காக 2022-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு விதித்த தொகை 500 கோடி ரூபாய். உங்கள் பங்கு தேவையில்லை. அதே ஆண்டு வந்த பேட்டரிக் கழிவு விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் வைத்திருக்கின்றன. இரு முனையிலும் டேப் ஒட்டி, குப்பையோடு கலக்காமல், இ-வேஸ்ட் எடுப்பவரிடம் கொடுங்கள்.