ஏழாம் விதியும் இரண்டு சூரியன்களும்

பெறுநர்: கல்லூரிப் புகைப்படப் போட்டிகளுக்கு விதி எழுதும் குழுவினர்
பொருள்: ஏழாம் விதி, ‘எடிட் செய்யப்பட்ட படங்கள் நிராகரிக்கப்படும்’ என்பது தொடர்பாக

ஐயா, அம்மா,

அரிச்சந்திரன் கையில் கேமரா இருந்திருந்தால் உங்கள் ஏழாம் விதியைத்தான் எழுதியிருப்பான். ஒரு மாணவி தன் தோழியின் பக்கவாட்டு முகத்துக்குள் ஒரு பனங்காட்டை நுழைத்து, வானத்தின் நீலத்தைக் கழற்றிவிட்டுக் குங்குமச் சிவப்பைப் பூசி அனுப்பினால், அது குற்றம். அதே மாணவி போனைத் தூக்கி ஓர் அந்திச் சூரியனைத் தட்டி அப்படியே அனுப்பினால், அது சத்தியம். விதியின் நோக்கத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. அதற்குக் கட்டுப்படக்கூடிய படம் ஒன்று எங்காவது இருக்கிறதா என்பதில்தான் சிக்கல்.

கேமராவுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பாருங்கள். படம் பிடிக்கும் சில்லில் ஒவ்வொரு புள்ளியின் தலையிலும் ஒரே ஒரு நிற வடிகட்டிதான் உட்கார்ந்திருக்கிறது. பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, கால்வாசிக்குச் சிவப்பு, கால்வாசிக்கு நீலம். கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற இந்த ஏற்பாடுதான் இன்றும் பெரும்பாலான கேமராக்களில் ஓடுகிறது. 12 மெகாபிக்சல் படம் என்றால், அளந்து வாங்கியது 60 லட்சம் பச்சை, 30 லட்சம் சிவப்பு, 30 லட்சம் நீலம். ஆனால் முடிந்த படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று நிறமும் வேண்டும். மொத்தம் 360 லட்சம் எண்கள். பாக்கி 240 லட்சம் எங்கிருந்து வந்தது? அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கேமரா போட்ட கணக்கு. மூன்றில் இரண்டு பங்கு ஊகம்! அதற்கு மேல் நிறச் சமநிலை, கூர்மை, புள்ளி இரைச்சலைத் துடைப்பது, கோப்பைச் சுருக்குவது. இப்போதைய போன்கள் ஒரே தட்டலில் பல படங்களை எடுத்து ஒன்றாகத் தைத்தும் கொடுத்துவிடுகின்றன. ஆக, தொழிற்சாலைப் பொறியாளர் திருத்தினால் அசல், உட்கார்ந்து யோசித்து மாணவி திருத்தினால் போலி. உங்கள் விதி நடைமுறையில் சொல்வது இவ்வளவுதான்.

இதெல்லாம் கம்ப்யூட்டர் வந்ததால் வந்த கேடு என்று உங்களில் மூத்தவர் ஒருவர் முணுமுணுப்பார். போட்டோஷாப் விற்பனைக்கு வந்தது 1990இல்தான். ஆனால் பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே 1850களிலேயே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து ஒரே தாளில் அச்சிட்டார். அன்றைய ரசாயனப் பூச்சு நீலத்துக்கு அளவுமீறி உணர்வு கொண்டது. கடல் சரியாக விழும் நேரத்துக்குள் வானம் வெளிறிப்போய்விடும். கண்ணுக்குத் தெரிந்த மேகத்தைப் படத்தில் கொண்டுவர அவருக்கு ஒட்டுவேலை தேவைப்பட்டது. 1857இல் ரெய்லாண்டர் என்ற புகைப்படக்காரர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே காட்சியாக்கினார். அதன் ஒரு பிரதியை விக்டோரியா மகாராணி வாங்கினார். நம்மூர் ஸ்டூடியோக்களில் நெகட்டிவின் மேல் பென்சிலால் ‘டச்சிங்’ செய்து அம்மைத் தழும்பை மறைத்ததும், கருப்பு வெள்ளைப் படத்தில் தூரிகையால் பட்டுப்புடவைக்கு நிறம் ஏற்றியதும் அதே பரம்பரைதான். 1940இல் உத்தமபுத்திரன் திரைப்படத்தில் பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் வந்தார். ஒருவரை ஒரே சட்டகத்தில் இருவராக்க அக்காலத்தில் லென்ஸில் பாதியை மறைத்து எடுத்து, பிலிமைப் பின்னால் சுற்றி, மறுபாதியை எடுப்பார்கள். இது மோசடி என்று யாரும் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டதாகச் செய்தி இல்லை.

‘புகைப்படம் சாட்சி ஐயா, சாட்சியில் கை வைக்கலாமா?’ என்பீர்கள். உங்கள் தரப்பில் கனமான வாதம் இது ஒன்றுதான். 2006இல் பெய்ரூட் குண்டுவீச்சுப் படம் ஒன்றில் புகையைக் கூட்டிக் காட்டியதற்காக ராய்ட்டர்ஸ் அந்தப் புகைப்படக்காரரின் படங்களையெல்லாம் விற்பனையிலிருந்து நீக்கியது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தைப் பிரதமர் வானிலிருந்து பார்வையிட்ட படத்தில், சன்னலுக்கு வெளியே பளிச்சென்று வேறொரு காட்சியை ஒட்டி மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்டது. கேலி கிளம்பியதும் எடுத்துவிட்டது. இரண்டிலும் தப்பு, ‘நடந்தது இது’ என்று சொல்லிக்கொண்டு நடக்காததைக் காட்டியது. குங்கும வானம் அப்படி எந்தச் சத்தியமும் செய்து கொடுக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டுக் குடை தேடி ஓடுபவர் யார்?

இன்னொன்றும் இருக்கிறது. பெய்ரூட் புகையைப் பிடித்துக் கொடுத்தது எது? ஒரே புகைச்சுருள் அச்சடித்தாற்போலத் திரும்பத் திரும்ப வந்ததைக் கண்ட வாசகர்களின் கண். அந்தக் கண் விதிப் புத்தகத்தைப் படித்து வருவதில்லை. தோழியின் தலைமுடியை வானத்திலிருந்து வெட்டியெடுக்கும்போது, ஒவ்வோர் இழையின் ஓரத்திலும் பழைய வானத்தின் நீலம் சேலைக்கரைபோல மெல்லிசாக ஒட்டிக்கொண்டே வரும். அதைப் போக்க ஒரு சாயங்காலம் முழுக்க மல்லுக்கட்டிய மாணவிக்கு, அடுத்த தேர்தலில் வாட்ஸாப்பில் வரும் ஒட்டுப்படத்தின் ஓரம் தானாகக் கண்ணில் உறுத்தும். புல்தரையைக் குளோன் செய்து குப்பைத்தொட்டியை மறைத்துப் பார்த்தவளுக்கு, ஒரே கூழாங்கல் மூன்று இடத்தில் கிடந்தால் தெரிந்துவிடும். பொய்ப்படத்துக்கு நாட்டில் இருக்கும் மலிவான தடுப்பூசியை நீங்கள் ஏழாம் எண் போட்டுத் தடைசெய்திருக்கிறீர்கள்.

‘பொத்தானை அழுத்தினால் வரும் வித்தைக்கு எதற்குப் பரிசு?’ என்ற கேள்வியில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆப்பில் வரும் ஃபில்டரை ஒரு தட்டுத் தட்டி அனுப்பும் படம் பெரும்பாலும் சலிப்பூட்டும். சலிப்புக்கு மதிப்பெண்ணைக் குறைக்கலாமே, வாசலிலேயே நிறுத்துவானேன்? செயற்கை நுண்ணறிவு வரைந்து தந்தது என்றால், அங்கே கேமராவே இல்லை. அதற்குத் தனிப் போட்டி வையுங்கள்.

வேண்டுகோள் சிறியது. செய்திப் படப் பிரிவில் கெடுபிடியை இன்னும் இறுக்குங்கள். வேர்ல்டு பிரஸ் போட்டோ போட்டியில் இறுதிக் கட்டத்துக்கு வருபவர்களிடம் மூலக் கோப்பை வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பொருளைச் சேர்த்திருந்தாலோ நீக்கியிருந்தாலோ படம் வெளியே. மற்றப் பிரிவுகளில், அசல் கோப்பையும் கூடவே அனுப்பி, என்னென்ன செய்தேன் என்று நான்கு வரி எழுதினால் போதும் என்று மாற்றுங்கள். அந்த நான்கு வரியை முதலில் உங்கள் போட்டிச் சுவரொட்டிக்கே எழுதிப் பார்க்கலாம். அதில் சிறப்பு விருந்தினரின் நிழல் வலப்பக்கம் விழுகிறது, முதல்வரின் நிழல் இடப்பக்கம் விழுகிறது, கல்லூரிக் கட்டடத்துக்குப் பின்னால் பனிமலை தெரிகிறது. இரண்டு சூரியன்களில் எது எடிட் செய்யப்படாதது என்பதைக் குழு கூடி முடிவுசெய்து தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மூன்றில் ஒரு பங்கு மட்டும் அளந்த படங்களை முழுசாக நம்பிப் பழகிய ஒரு பார்வையாளர்