டப்பாவுக்கு ஐந்து நட்சத்திரம்

தாய்மார்களே, நற்செய்தி! பிள்ளை நெடுநெடுவென்று வளர, கணக்கில் நூறு வாங்க, பக்கத்து வீட்டுப் பையனை ஓட்டத்தில் முந்த, இனி நீங்கள் பருப்பு, கீரை என்று அடுப்படியில் வேகவேண்டாம். பாலில் கலக்கும் சத்துப்பொடி ஒரு டப்பா போதும். டி.வி.யில் வெள்ளைக் கோட்டு மாட்டியவர் அடித்துச் சொல்கிறார். அவர் மருத்துவக் கல்லூரி வாசலை மிதித்தவரா என்று கேட்காதீர்கள். கோட்டு வெள்ளையாக இருக்கிறதல்லவா?

டப்பாவைக் கையில் எடுங்கள். முன்பக்கம் தாவிக் குதிக்கும் ஒரு பையன், பக்கத்தில் உயரம் காட்டும் அளவுகோல், கொட்டை எழுத்தில் வைட்டமின்கள். பின்பக்கம் திருப்பினால், பார்கோடு விட்டுவைத்த மூலையில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. உண்மை அங்கேதான் ஒண்டுக்குடித்தனம் நடத்துகிறது. எடையில் அதிகமானதை முதலில் போட வேண்டும் என்பது விதி. மாவும் மால்ட்டும் முன்னால் நிற்க, அவற்றை ஒட்டியே சர்க்கரை. 100 கிராம் பொடியில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள டப்பாக்களும் ‘ஊட்டம்’ என்றே விற்கின்றன.

பக்கத்திலேயே ‘பாலுடன் சேர்த்து’ என்று ஒரு கட்டம். புரதம் அங்கே திடீரென்று எகிறுகிறது. 20 கிராம் பொடியில் இருப்பது பெரும்பாலும் இரண்டு கிராம் சொச்சம். 200 மில்லி பாலில் இருப்பதோ ஆறு கிராம். மாடு கொடுத்ததற்கு டப்பா மார்தட்டுகிறது!

சேர்க்கிற சர்க்கரையை மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் வையுங்கள், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே சொல்லிவிட்டது. அந்த 5 சதவீதம் பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆறு டீஸ்பூன்தான். பிள்ளைக்கு அதைவிடக் குறைவு. சொல்லி என்ன? உலக சுகாதார நிறுவனம் கிரிக்கெட் இடைவேளையில் விளம்பரம் கொடுப்பதில்லையே.

அரசு தூங்குகிறது என்று யாரும் பழிபோட வேண்டாம். 2006-இல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒரு வகையே கிடையாது. அதைக் கவனித்து, ஆன்லைன் கடைகள் இந்த டப்பாக்களை அந்த வரிசையிலிருந்து எடுக்க வேண்டும் என்று ஒன்றிய வர்த்தக அமைச்சகம் 2024 ஏப்ரலில் சொல்லிவிட்டது. பதினெட்டே ஆண்டுகள்தான்! ஒரு பெரிய நிறுவனம் அதே மாதம் தன் பானத்துக்கு ‘ஃபங்ஷனல் நியூட்ரிஷனல் டிரிங்க்’ என்று பலகை மாற்றிக்கொண்டது.

சிலி நாட்டில் 2016 முதல், சர்க்கரையோ உப்போ மிகுந்த பொட்டலத்தின் முகத்தில் கறுப்பு எண்கோண முத்திரை. பிள்ளைகளை இழுக்கும் கார்ட்டூன் பொம்மைக்கும் அதில் இடமில்லை. காட்டுமிராண்டிகள்! நாம் நாகரிகமானவர்கள். நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் விட்ட வரைவில் முத்திரை கிடையாது, நட்சத்திரம். எவ்வளவு மோசமான பண்டத்துக்கும் அரை நட்சத்திரம் உறுதி. கொஞ்சம் நார்ச்சத்தும் கொட்டைப் பருப்பும் சேர்த்தால் சர்க்கரைப் பாவத்துக்கும் மதிப்பெண்ணில் பரிகாரம் உண்டு.

இந்தக் கூத்துக்கு நடுவே, 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பாதிக்கு மேல் ரத்தசோகை. அவர்களின் தாய்க்கு மேடையில் உபதேசம்: “சமச்சீராகச் சாப்பிடுங்கள்!” எதை வைத்து ஐயா? ரேஷனில் அரிசி தாராளம். துவரம்பருப்போ அட்டைக்கு மாதம் ஒரு கிலோ. நாலு பேர் குடும்பத்தில் தலைக்கு நாளொன்றுக்கு எட்டு கிராம். அதைச் சாம்பாரில் தேட பூதக்கண்ணாடியையும் ரேஷனிலேயே கொடுத்துவிடலாம்.

உருப்படியாக ஒன்று நடக்கிறதென்றால் அது சத்துணவுக் கூடத்தில். அவித்த ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம். விளம்பரமில்லை, வெள்ளைக் கோட்டில்லை. நட்சத்திரம் கொடுத்தே தீருவதென்றால் புகையில் நின்று அந்த முட்டையை அவிக்கிற பெண்ணுக்குக் கொடுங்கள். ஆனால் அவர் காலமுறை ஊதியம் கேட்டு மறியலில் உட்கார்ந்தவராயிற்றே! அவருக்குக் கொடுக்க அரசிடம் போலீஸ் வேனும், சாயங்காலம் வரை அடைத்துவைக்க ஒரு கல்யாண மண்டபமும்தான் இருக்கின்றன.