மூணு வருஷத் தவணை

உ
சிவமயம்

பிட்ஸ்பர்க்,
மாசி 5

அன்புள்ள அப்பத்தாவுக்குப் பேரன் எழுதிக்கொண்டது. இங்கு நான் சௌக்கியம். அங்கே உங்கள் முழங்கால், அப்பச்சி, ஆத்தா, இரண்டாங்கட்டில் குட்டி போட்ட பூனை எல்லோருடைய சௌக்கியத்துக்கும் எழுதவும். நிற்க.

போனில் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்வதற்குள் ஆத்தா போனை வாங்கி, “சாப்பிட்டியா?” என்று ஆரம்பித்துவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். “டாக்டருக்குப் படிச்சு முடிச்சவனுக்கு இன்னும் என்னடா படிப்பு?” என்றீர்கள். மதுரையில் படித்தது இங்கே பாதிக் கிணறுதான். இந்த நாட்டுப் பரீட்சையையும் எழுதி, சான்றிதழ் வாங்கி, ஓர் ஆஸ்பத்திரியில் ரெசிடென்டாக இருந்து முடித்தால்தான் தனியாக வைத்தியம் பார்க்க விடுவார்கள். பொது மருத்துவத்துக்கு மூன்று வருஷம்.

உங்களுக்கு இது புதிதா என்ன? உங்கள் அப்பச்சி சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு மூன்று வருஷத் தவணைக்கு ரங்கூன் மொகல் தெருக் கடைக்குப் போனார்களே, அதே கதைதான். முதல் வருஷம் இன்டர்ன், அதாவது பெட்டியடிப் பையன். அடுத்த இரண்டு வருஷம் அடுத்தாள். தப்பு நடந்தால் மேலாளிடம் திட்டு வாங்குவது மூன்று வருஷமும் உண்டு. சம்பளம் வருஷத்துக்கு 60,000 டாலருக்கு மேல். தயவுசெய்து அதை ரூபாயில் பெருக்கி அயித்தையிடம் சொல்ல வேண்டாம். வாடகையும் டாலரில்தான் கேட்கிறார்கள்.

இடம் பிடிப்பதுதான் வேடிக்கை. நேர்காணல் கண்ட ஆஸ்பத்திரிகளை நான் என் விருப்பப்படி வரிசை போட்டுக் கொடுக்க வேண்டும். அவர்களும் எங்களை வரிசை போடுவார்கள். இரண்டையும் வாங்கிக் கம்ப்யூட்டர் பொருத்தம் பார்க்கும். 1952லிருந்து இந்த ஏற்பாடு நடக்கிறது. இந்த மாதிரிப் பொருத்தத்துக்கான கணக்கை கேல், ஷேப்லி என்ற இருவர் 1962இல் கட்டுரையாக எழுதினார்கள். அதன் தலைப்பிலேயே கல்யாணம் வருகிறது! ஷேப்லிக்கும், டாக்டர்களுக்கான பொருத்தத்தைத் திருத்தியமைத்த ஆல்வின் ராத்துக்கும் 2012இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஒன்பது கோயில் பங்காளிகளிலும் எந்த வீட்டில் எந்தப் பிள்ளை என்று மனப்பாடமாக வைத்திருக்கிற உங்களுக்கு ஒரு டம்ளர் மோருக்கு மேல் யாரும் கொடுத்ததில்லை.

ஆனால் உங்கள் சாமர்த்தியம் இங்கே செல்லாது. “எட்டாத எடத்த மேல போட்டுட்டு, உள்ளதும் போச்சுடா நொள்ளக்கண்ணான்னு நிக்காத” என்பீர்கள். கணக்கு அப்படி இல்லை. முதலில் எழுதிய இடம் என்னை வேண்டாம் என்றால், இரண்டாவது இடத்தில் என் வாய்ப்பு ஒரு குந்துமணி அளவும் குறையாது. மனசில் இருக்கிற வரிசையை அப்படியே எழுதுவதுதான் லாபம். கல்யாணப் பேச்சில் மனசில் இருப்பதை அப்படியே சொல்லி உருப்பட்டவனைப் பற்றி நீங்கள் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அந்த மனசில் என்ன இருக்கிறது என்பதுதான் இப்போது தகராறு.

ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் தன் ஊரைப் பற்றி ஒரு வீடியோ வைத்திருக்கிறது. அதில் ரெசிடென்டுகள் படகு விடுகிறார்கள், மலை ஏறுகிறார்கள், பூசணித் தோட்டத்தில் நின்று சிரிக்கிறார்கள். வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று நாடு முழுவதற்கும் 2003இல்தான் விதி வந்தது. அதுவும் நாலு வாரச் சராசரி. ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு, அதுவும் சராசரிதான். இதற்கு நடுவில் இவர்கள் எப்போது படகு விட்டார்கள் என்று வீடியோவில் சொல்வதில்லை.

“எப்படியும் ஆஸ்பத்திரிக்குள்ளேதான் கிடக்கப்போறோம், ஊர் எதுவா இருந்தா என்ன?” என்கிறார்கள் கூட்டாளிகள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நாம் ஊரைப் பார்க்கப் போகாவிட்டாலும் ஊர் கட்டிலில் படுத்து நம்மிடம் வந்துவிடும். அந்த ஊருக்கு வருகிற வியாதிதான் மூன்று வருஷமும் நம் பாடம். நியூயார்க் குவீன்ஸில் இருந்தால் உலகத்து பாஷை எல்லாம் பேசுகிற நோயாளிகள் வருவார்கள். இந்தப் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்திலும் இரும்பு ஆலையிலும் உழைத்துத் தேய்ந்த கிழவர்கள் நிறைய. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் அவர்கள் பார்த்த வேலை கேட்கிறது. ஆலைகள் பெரும்பாலும் 1980களில் மூடிவிட்டன, இருமல் மூடவில்லை.

பிட்ஸ்பர்க்கும் வைத்தியத்தில் சாதாரண ஊர் இல்லை. ஜோனஸ் சால்க் போலியோ தடுப்பூசி கண்டுபிடித்தது இங்குள்ள பல்கலைக்கழகத்தில்தான், 1955இல் பலன் உறுதியானது. (நம் ஊரில் பிள்ளைகளுக்கு விட்ட சொட்டு மருந்து சாபின் என்பவருடையது. இவருடையது ஊசி.) ஈரல் மாற்று சிகிச்சையில் பேர்போன தாமஸ் ஸ்டார்ஸல் 1981இல் வந்து சேர்ந்ததும் இந்த ஊருக்குத்தான். இப்போது ஊரிலேயே உயரமான கட்டடமான 64 மாடி ஸ்டீல் டவரின் உச்சியில் ஆஸ்பத்திரிக் குழுமத்தின் பெயர்ப் பலகை மாட்டியிருக்கிறது. இரும்பு போன இடத்தில் வைத்தியம் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஊர் மூன்று ஆறுகளுக்கு நடுவே மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. பாலம் மட்டும் 446 என்று கணக்குச் சொல்கிறார்கள். மலைச் சரிவில் தெருவுக்குப் பதில் படிக்கட்டு வைத்திருக்கிறார்கள். 1870இலிருந்து ஓடுகிற மலை ரயில்பெட்டி ஒன்றும் இருக்கிறது. உங்கள் முழங்காலை இங்கே கூட்டி வருவதாக இல்லை. வெயிலும் கம்மி. வடகம் போட்டால் வைகாசி வரை காயாது.

பனி பெய்த மறுநாள் நீங்கள் இந்தத் தெருவைப் பார்க்க வேண்டும். எதிர்வீட்டுப் பெரியவர், ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மண்வெட்டியோடு இறங்கி முட்டளவு பனியை வாரி, கார் நிறுத்த இடம் பண்ணினார். பிறகு உள்ளே போய், முதுகுச் சட்டம் உடைந்த சமையலறை நாற்காலி ஒன்றைக் கொண்டு வந்து அந்த இடத்தில் போட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். காரைக்குடி பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறோமே, அந்தத் துண்டுதான் இந்த நாற்காலி. சட்டத்தில் இதற்கு இடமில்லை, ஆனால் யாரும் தொட மாட்டார்கள். புதிதாகக் குடிவந்த பையன் ஒருவன் தொட்டான். நாற்காலியை ஓரமாக நகர்த்தித் தன் காரை நிறுத்தினான். காலையில் கார் இருந்த இடத்தில் ஒரு பனிமேடு இருந்தது. கண்ணாடி எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. பெரியவர் வாசலில் நின்று அவனுக்கு “குட் மார்னிங்” சொன்னார்.

நேர்காணலில், “எங்கள் ஊர் ஏன் பிடித்திருக்கிறது?” என்று கேட்டார்கள். எல்லோரும் கேட்கிற கேள்விதான். நேர்காணல் வீடியோவில், மேலே கோட்டு, கீழே கைலி. ஆராய்ச்சி, பயிற்சி என்று என்னவோ சொன்னேன். பென் ஹில்ஸில் திருப்பதி தேவஸ்தானத்தின் உதவியோடு 1970களில் கட்டிய வெங்கடேசுவரர் கோயில் இருக்கிறது, அங்கே புளியோதரை கிடைக்கும் என்பதையும் சொல்லியிருக்கலாம். ஓய்வு என்று கிடைக்கிற அந்த ஒரு நாளில் அதுவும் ஒரு காரணம்தானே.

விசா விஷயம் அப்பச்சிக்கு. ஜே-1 விசாவில் படித்தால், முடித்ததும் இரண்டு வருஷம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டாக்டர் கிடைக்காத அமெரிக்கப் பட்டிக்காட்டில் மூன்று வருஷம் வேலை பார்த்து விலக்கு வாங்க வேண்டும். கீழச்சிவல்பட்டியில் கிளினிக் வை என்று அப்பச்சி சொன்னபோது முகத்தைத் திருப்பிய என் கூட்டாளிகள், நெப்ராஸ்காவில் நாலு சோளக்காட்டுக்கு நடுவே இடம் கிடைக்குமா என்று இப்போதே விசாரிக்கிறார்கள். நான் என்ன செய்வேன் என்று அப்பச்சி கேட்டால், முதல் தவணை முடியட்டும் என்று சொல்லுங்கள்.

பட்டியலில் பிட்ஸ்பர்க்கை முதலில் எழுதிவிட்டேன். இரண்டாவது குவீன்ஸ். பிள்ளையார்பட்டியில் நேர்ந்துகொள்வதாக இருந்தால் ஊர் பேர் சொல்லி நேர்ந்துகொள்ளுங்கள், பொதுவாக “நல்ல எடமா” என்று விட்டுவிடாதீர்கள். மார்ச் மூன்றாவது வாரத் திங்கட்கிழமை இடம் கிடைத்ததா இல்லையா என்பதை மட்டும் சொல்வார்கள். எந்த ஊர் என்பது வெள்ளிக்கிழமைதான் தெரியும், நமக்கு ராத்திரி ஒன்பதரை. அன்றைக்கு மட்டும் சீரியல் சத்தத்தைக் குறைத்துவிட்டு, போனை ஆத்தாவிடம் கொடுக்காமல் உங்கள் கையிலேயே வைத்திருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பேரன்

பி.கு.: கும்மாய மாவு அனுப்பினால் பொட்டலத்தின் மேல் என்ன மாவு என்று இங்கிலீஷில் எழுதச் சொல்லவும். போன முறை சுங்கத்துக்காரர்கள் பிரித்துப் பார்த்து, மறுபடி ஒட்டாமலே அனுப்பிவிட்டார்கள்.