பெரும்பொழுதும் சிறுவிரலும்: அண்ணாகிராமம் வட்டாரத்து வீட்டெழுத்து பற்றி ஒரு முன்னாய்வு

தமிழ் இலக்கணம் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தது. எந்தத் திணைக்கு எந்தப் பொழுது உரியது என்று தொல்காப்பியரும் வரையறுத்துவிட்டார். ஆனால் ஏழு வயதுப் பிள்ளை எந்தப் பருவத்தில் எதன்மேல் எழுதும் என்பதற்கு நூற்பா கிடையாது. உரையாசிரியர்களும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். ஏடுகளைப் பிள்ளைகளுக்கு எட்டாத பரணில் வைத்திருந்தார்கள் போலும். இக்குறையை நீக்கும் பொருட்டுக் கடலூர் மாவட்டம் அண்ணாகிராமம் ஒன்றியம் ஆய்வுக் களமாகக் கொள்ளப்பட்டது. தென்பெண்ணையும் கெடிலமும் பாயும் வட்டாரம். ஒரு பக்கம் பண்ருட்டிப் பலா, இன்னொரு பக்கம் நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலை. எழுதுவதற்கு இடமில்லை என்று எந்தப் பிள்ளையும் இங்கே குறைசொல்ல முடியாது.

வீட்டிலும் தெருவிலும், மதிப்பெண் எதிர்பாராமலும் பெரும்பாலும் அனுமதி பெறாமலும் எழுதப்படுவதை ‘வீட்டெழுத்து’ என்று குறிப்போம். கருதுகோள் இதுதான்: பிள்ளையை எழுத வைப்பது நோட்டு அன்று, அந்தந்தப் பருவம் கொண்டுவந்து போடும் பரப்பு. எழுதுவதற்குப் பெரியவர்கள் ‘பயிற்சி’ என்று பெயர் சூட்டிய மறுகணம் எழுத்து நின்றுவிடும்.

முதல் சான்று, காரும் கூதிரும் முட்டிக்கொள்ளும் இடத்தில் வரும் சரசுவதி பூசை. அன்று புத்தகங்களை அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்துவிடுவார்கள், தொடக்கூடாது, படிக்கக்கூடாது. ஆண்டு முழுவதும் அடித்தாலும் புத்தகம் எடுக்காத பையன், அன்றைக்கு மட்டும் அடுக்கின் நடுவிலிருந்து தமிழ்ப் புத்தகத்தின் முனையை இழுத்துப் பார்ப்பான். மறுநாள் விசயதசமி. தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி, சின்னதன் விரலைப் பிடித்து ‘அ’ போட வைப்பார்கள். அழுகை ஓய்ந்ததும் அது தானாகவே அரிசியில் கோடு கிழிக்கத் தொடங்கும். உடனே தட்டை எடுத்துவிடுவார்கள். அரிசி சாப்பாட்டுக்கு வேண்டுமல்லவா.

விரலால் எழுதும் இந்தக் கலை கடல் கடந்த கதை பலருக்குத் தெரியாது. சென்னை எழும்பூரில் 1789இல் ஆதரவற்ற சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். தம் விடுதியிலும் அதையே செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் மசியவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் வகுப்பை ஒப்படைத்தார், அவன் சொல்லிக்கொடுத்துவிட்டான். 1797இல் பெல் இதை லண்டனில் நூலாக வெளியிட, ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் அது பரவியது. நம் தெருமணல் லண்டன் போய்ப் பட்டம் வாங்கியது. நாமோ அங்கிருந்து காப்பி நோட்டை இறக்குமதி செய்துகொண்டோம்.

கூதிர்காலத்தில் ஆய்வாளர் அதிகாலையிலேயே எழ வேண்டும். ஐப்பசி அடைமழையில், தொலைக்காட்சியின் அடியில் விடுமுறை விட்ட மாவட்டங்களின் பெயர்கள் ஓடும் நேரம் அது. பாடப்புத்தகத்தில் ‘படம்’ என்பதை மூன்று தவணையில் படிக்கும் இரண்டாம் வகுப்புப் பிள்ளை, ‘கட’ என்று தலை தெரிந்ததுமே ‘கடலூர்!’ என்று கூவும். ‘விழுப்புரம்’ ஓடி முடிந்தும் நம் ஊர் வராவிட்டால், ‘அங்க மட்டும் என்னா மழை?’ என்ற கேள்வி பிறக்கும். புவியியல் கல்வி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

விடுமுறை உறுதியானால் அடுத்தது கப்பல். நோட்டின் முன்பக்கத்தைக் கிழித்தால் பின்னால் அதன் ஜோடித் தாள் கழன்று விழுந்து காட்டிக்கொடுக்கும். நடுப்பக்கத்தை ஊக்கிலிருந்து உருவினால் தடயமே இராது. இந்த நூற்கட்டு ஞானம் மூன்றாம் வகுப்புக்குள் வந்துவிடுகிறது. கப்பலில் பெயர் எழுதுவது மரபு. ஸ்கெட்ச் பேனா எழுத்து பத்தடி போவதற்குள் கரைந்துவிடும், பால்பாயிண்ட் நிற்கும். கரைந்த பெயர் யாருடையது என்பதில் எழும் பாடபேதங்கள் சில சமயம் அடிதடியில் முடிகின்றன.

அரசும் இந்தப் பருவத்தையே தேர்ந்தது என்பது நம் ஆய்வுக்குப் பெருமை. 2020 மார்ச்சில் அடைத்த பள்ளிகளால் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட, ‘இல்லம் தேடிக் கல்வி’ 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்டது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு, மாலை நேரத்தில், வீட்டுக்குப் பக்கத்திலேயே தன்னார்வலர்கள் பாட்டும் விளையாட்டுமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஈரச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸ் வழுக்கும், காய்ந்தபின் எழுத்து பளிச்சென்று நிற்கும் என்பது அத்தகைய வகுப்புகளில் பிள்ளைகளே கண்டறியக்கூடிய உண்மை. பாடத்திட்டத்தில் அது இல்லை.

முன்பனிக்காலம் வீட்டெழுத்தின் பொற்காலம். டிசம்பர் 31 இரவு வாசலில் அக்காமார் கோலப்பொடியால் புத்தாண்டு வாழ்த்து எழுதுவார்கள். ‘இனிய’ என்பது ஆளுயரம். ‘புத்தாண்டு’ வரும்போது வாசல் பாதி தீர்ந்திருக்கும். ‘நல்வாழ்த்துகள்’ சாக்கடை ஓரமாக எறும்பு வரிசைபோல் நெருங்கிப் போய் முடியும். திட்டமிடாமைக்கு இதைச் சான்று காட்டுவது தவறு. உற்சாகம் முதல் சொல்லிலேயே செலவாகிவிட்டது என்பதே பொருந்தும்.

இனிச் சுவர். இந்த ஆய்வின் உயிர்நாடி இங்கேதான். அடுப்புக்கரியால் எழுதிய சுவரெழுத்தின் காலத்தைக் கணிக்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது உயரம்: எழுதியவர் வயது ஏற ஏற எழுத்தும் ஏறும். இரண்டாவது வெள்ளையடிப்பு: போகிக்கு முன் சுவர்கள் வெள்ளை பெறுவதால், தெளிவாக நிற்கும் எழுத்து எதுவும் போன தைக்கு முந்தியதாக இருக்க முடியாது. கல்வெட்டறிஞர்களுக்கு இத்தனை துல்லியம் வாய்ப்பதில்லை. சிக்கனம் கருதி ஒரே பூச்சோடு நிறுத்திய வீடுகளில், மாசி பிறந்ததும் பழைய கரி மேலே தலைகாட்டும். ஒரே சுவரில் இரண்டு காலத்து எழுத்துகளைப் படிக்கலாம். மூன்று நெடுங்கோடுகள் பல சுவர்களில் காணப்படுகின்றன. இவற்றை எண்குறி என்பாரும் உளர். கிரிக்கெட் ஸ்டம்பு என்பதே துணிபு.

ஆசிரியர் யார் என்பதை நிறுவும் முறைக்கு ஒரு திண்ணை உரையாடல்:

‘யார்றா செவுத்துல கிறுக்கனது?’

‘நான் இல்ல ஆயா.’

‘உம் பேருதான்டா இருக்குது.’

‘உனக்குத்தான் படிக்கத் தெரியாதே?’

‘படிக்கத் தெரியாதுடா. உங் கை கரி தெரியுது.’

அகச்சான்றையும் புறச்சான்றையும் இவ்வளவு சுருக்கமாகப் பொருத்திக் காட்டிய முனைவர் பட்ட ஏடு எதையும் இவ்வாய்வாளர் கண்டதில்லை.

பொங்கல் வாழ்த்து அட்டையைப் பற்றி இறந்தகாலத்தில்தான் எழுத வேண்டியிருக்கிறது. மாட்டுவண்டிப் படமா, நடிகர் படமா என்று கடையில் நின்று தேர்ந்து, உறையை ஒட்டாமல் ‘புக் போஸ்ட்’ என்று எழுதினார்கள், தபால்தலைச் செலவு குறைந்தது. பக்கத்துத் தெரு நண்பனுக்குத் தபாலில் அனுப்பிவிட்டு, வந்துவிட்டதா என்று தினமும் அவன் வீட்டுக்கே போய்க் கேட்டதும் உண்டு. முகவரி எழுதும் பாடத்தை யாரும் நடத்தவில்லை. பின்கோடு வரை எல்லோரும் கற்றார்கள்.

வேனிலில் புழுதி பரப்பாகிறது. கரும்பு இறக்கிவிட்டு நிற்கும் டிராக்டர் மீதெல்லாம் விரலெழுத்து. கற்றாழை மடலில் கருவேலமுள்ளால் கீறிய பெயர், வடு காய்ந்து மடலோடு நிற்கும். இவ்வட்டாரத்துச் செப்பேடு அதுதான். ஓர் எச்சரிக்கை: முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து வரும் எண்ணெயை மையாகக் கொள்ளும் யோசனை ஆண்டுதோறும் யாருக்காவது தோன்றும். தோல் வெந்து கறுத்துவிடும், தடுத்துவிடுக. ‘தினம் இரண்டு பக்கம் காப்பி’ என்ற விடுமுறைப் பயிற்சியும் இப்பருவத்துக்கு உரியதே. மே மாதம் முழுவதற்குமான பக்கங்கள் பள்ளி திறப்பதற்கு முந்தின இரவு, ஒரே மையில், ஒரே தூக்கக் கலக்கத்தில் எழுதப்படுகின்றன. கருதுகோள் இதைவிட வலுவாக எங்கும் நிறுவப்படவில்லை.

ஆடியில் நோட்டுத்தாள் பட்டமாகிறது, எழுத்து வானேறுகிறது. தாள் வீணாகிறது என்று திட்டும் பெரியவர்கள் தம் முன்னோரை நினைத்துப் பார்க்கலாம். உ.வே.சாமிநாதையர் சுவடி தேடி அலைந்தபோது, பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டுவிட்டதாக அவருக்குச் சொன்னவர்கள் பெரியவர்களே. திருவதிகையில் பாடிய அப்பரின் தேவாரமும் சிதம்பரத்தில் பூட்டிய அறைக்குள் கறையான் அரித்துக் கிடந்ததாகத் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. வீட்டுப்பாடத்தைக் கறையான் தின்றுவிட்டது என்று ஒரு பிள்ளை சொன்னால், மரபு அதன் பக்கம்தான்.

அடுத்த கட்ட ஆய்வுக்கு நிதி நல்கை எதுவும் தேவையில்லை, தெருவைப் பார்த்த ஒரு சுவர் போதும். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று பழமொழி சொல்லும் வீடுகளிலெல்லாம் கேட்டாயிற்று. போகிக்குள் சொந்தச் செலவில் இரண்டு பூச்சு வெள்ளையடித்துத் தருவதாக எழுதிக் கொடுத்தும், இதுவரை ஒருவரும் இசையவில்லை.