தம்பிரான் கைவிட்ட தலை

ஜோசப் ஹைடன் 1732இல் ஆஸ்திரியாவின் ரோராவ் கிராமத்தில் ஒரு வண்டிச்சக்கர ஆசாரிக்குப் பிறந்தார். நூற்றுச் சொச்சம் சிம்பொனி எழுதினார். மோட்சார்ட்டுக்கு நண்பர், பீத்தோவனுக்கு வாத்தியார். இதெல்லாம் பாடப்புத்தகச் சமாசாரம். மனுஷனுக்கு ஜாதகத்தில் தலைக்குரிய இடத்தில் சனி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது என்பதைத்தான் யாரும் எழுதுவதில்லை. அவருக்கு வந்த வம்பில் முக்கால்வாசி கழுத்துக்கு மேலேதான்.

கீழே வந்தது ஒன்றே ஒன்று. எட்டு வயது வாக்கில் வியன்னா பெரிய தேவாலயத்துப் பாடகர் குழுவில் சேர்ந்தார். கணீர்க் குரல். மீசை முளைத்தால் இது போய்விடுமே என்று குழுத்தலைவர் ராய்ட்டர் ஒரு யோசனை சொன்னார்: காளைக்கன்றுக்குச் செய்வதைப் பையனுக்கும் செய்துவிடலாம். அப்படிச் செய்துகொண்ட பாடகர்கள் அந்தக் காலத்தில் ராஜபோகமாக வாழ்ந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அப்பா ஆசாரி. எதை அறுக்கலாம், எதை அறுக்கக்கூடாது என்று தெரிந்தவர். வியன்னாவுக்கு ஓடிவந்து தடுத்துவிட்டாராம்.

உடம்பு தப்பியது, குரல் உடைந்தது. பையன் பாடவில்லை, சேவல் மாதிரி கூவுகிறான் என்று மகாராணி மரியா தெரசாவே அலுத்துக்கொண்டதாகக் கதை. அனுப்பிவிடச் சாக்குத் தேடிக்கொண்டிருந்த ராய்ட்டரிடம், ஹைடனே அந்தச் சாக்கைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினார். கையில் கத்தரிக்கோல், முன்னால் சகபாடகன் ஒருவனின் குடுமி. நறுக். பிரம்படியும் பட்டு, 1749இல் நடுத்தெருவுக்கு வந்தார்.

அறுத்த குடுமி சும்மா விடுமா? அவர் காதலில் விழுந்தது கெல்லர் என்பவரின் மகள் மீது. கெல்லருக்குத் தொழில், சவுரிமயிர்த் தொப்பி செய்வது. அந்தப் பெண் கன்னியாஸ்திரீ மடத்துக்குப் போய்விட்டாள். போனது போகட்டும் என்று 1760இல் அவளுடைய அக்காவைக் கட்டிக்கொண்டார். அம்மாளுக்கு சங்கீதமும் சுண்டைக்காயும் ஒன்று. கணவர் எழுதி வைத்த ஸ்வரத்தாள்களை எடுத்துத் தலைமயிரைச் சுருட்டிவிடப் பயன்படுத்தினாள் என்கிறார்கள். எத்தனை உருப்படி அந்தக் கொண்டைக்குள் போயிற்றோ!

1761இல் எஸ்டர்ஹாசி பிரபு வீட்டில் உத்தியோகம். ஒப்பந்தத்தில் ராகம் தாளத்தோடு தலையையும் சேர்த்திருந்தார்கள்: வெள்ளைக் காலுறை, பவுடர் பூசிய தலை, பின்னால் ஜடை. தினமும் இரண்டு வேளை வாசல் அறையில் நின்று, இன்றைக்குக் கச்சேரி உண்டா என்று கேட்க வேண்டும். அடுத்து வந்த பிரபு நிகோலாஸுக்கு பாரிட்டோன் என்றொரு வாத்தியத்தின் மேல் பைத்தியம். உலகத்தில் வேறு யாரும் சட்டை செய்யாத வாத்தியம். அதற்காக மட்டும் 126 மூவர் உருப்படிகள் எழுதித் தள்ளினார் ஹைடன். பிரபு மெச்சுவார் என்று தானும் ராத்திரியெல்லாம் ரகசியமாகச் சாதகம் செய்து வாசித்துக் காட்டினார். பிரபு முகத்தில் ஈயாடவில்லை. எஜமானுக்குப் பிடித்த வாத்தியத்தை வேலைக்காரன் தொடலாமோ?

ஆனாலும் 1772இல் ஒரு பழி தீர்த்தார். கோடை அரண்மனையிலிருந்து பிரபு கிளம்புவதாயில்லை. பெண்டாட்டி பிள்ளைகளைப் பிரிந்து வாத்தியக்காரர்கள் தவித்தார்கள். ஹைடன் ஒரு சிம்பொனி போட்டார். கடைசிப் பகுதியில் ஒவ்வொருவராக வாசிப்பை நிறுத்தி, மெழுகுவத்தியை ஊதி அணைத்துவிட்டு எழுந்து போனார்கள். இரண்டே வயலின் மிச்சம். பிரபுவுக்குப் புரிந்தது. மறுநாள் மூட்டை கட்டச் சொல்லிவிட்டார். இத்தனை நாசூக்காக யாரும் லீவு கேட்டதில்லை.

பிறகு லண்டன், காசு, ஆக்ஸ்போர்டு டாக்டர் பட்டம். 1809 மே 31இல், நெப்போலியன் படை வியன்னாவில் இருந்த சமயம், காலமானார். சனிக்கு வேலை அப்புறம்தான் ஆரம்பம்.

மண்டை மேட்டைத் தடவிப் புத்தியைச் சொல்லும் சாஸ்திரம் அப்போது பிரபலம். எஸ்டர்ஹாசி வீட்டுப் பழைய குமாஸ்தா ரோசன்பாமும், பேட்டர் என்ற சிறை அதிகாரியும் வெட்டியானுக்குக் காசு கொடுத்து, புதைத்த சில நாளிலேயே தலையைக் கிளப்பினார்கள். வழியில் வண்டிக்குள் நாற்றம் தாளாமல் ரோசன்பாம் வாந்தியெடுத்தார். சங்கீத மேடு பெரிதாகத்தான் இருந்ததாம்! வெளுத்துக் காயவைத்து, கண்ணாடி பதித்த கறுப்புப் பெட்டியில் வெள்ளை மெத்தை போட்டு, மேலே தங்க யாழ் பொருத்திக் கொலு வைத்தார்கள்.

1820இல் அப்போதைய எஸ்டர்ஹாசி, உடலை ஐசன்ஸ்டாட்டுக்குக் கொண்டுபோகப் பெட்டியைத் திறந்தார். உள்ளே உடம்பு இருந்தது, சவுரித்தொப்பி இருந்தது. நடுவில் இருக்கவேண்டியது இல்லை. போலீஸ் ரோசன்பாம் வீட்டுக்குப் போனது. அவர் மனைவி, நல்ல பாடகி, மண்டையை மெத்தைக்குள் திணித்து அதன் மேல் படுத்துக்கொண்டாள். வீட்டுக்குத் தூரம் என்றாள். போலீஸும் தூரமாகவே நின்று திரும்பியது. பிற்பாடு ரோசன்பாம் யாரோ ஒருவருடைய மண்டையைக் கொடுத்துத் தீர்த்தார். அதுதான் ஹைடனோடு அடக்கமாயிற்று.

அசல் தலை கைமாறிக் கைமாறி 1895இல் வியன்னாவின் இசை அன்பர் சங்கத்துக்கு வந்தது. சபாக்காரர்கள் கைக்குப் போன வித்வான் சுலபத்தில் மீள்வாரா? 1954இல்தான் உடம்போடு சேர்ந்தார். ஏற்கெனவே உள்ளே இருந்த மண்டையை யாரும் எடுக்கவில்லை. 134 வருஷம் குடியிருந்தவரைக் காலி செய் என்று எந்த வீட்டுக்காரர் சொல்ல முடியும்?