பயத்தையும் அளந்து சொல்லு, மருமவனே!

என்னல மருமவனே, ஹாங்காங் விசா வந்ததுலேருந்து சோறு எறங்கலையாமே? நம்ம காயல்பட்டணத்து ஆளுவ கல்லு யாவாரம் பண்ற ஊருதானல அது? பயமே இல்லன்னு மட்டும் சொல்லாத, மூஞ்சி காட்டிக் குடுத்துரும். பயத்தைக் கான்டனீஸ்ல சொல்லப் படிச்சுக்கோ, போதும்.

பயத்துக்கு அங்க 'கெங்'. குரலை உச்சியில நிறுத்திச் சொல்லணும். கீழேயிருந்து மேல இழுத்தியோ, அது கழுத்து. நடுவாந்திரமா விட்டியோ, கண்ணாடி. ஆறு ராகத்துல பேசுற சனம் அது. 'எனக்குக் கண்ணாடியா இருக்கு'ன்னு நீ நடுங்குனா, மூக்குக்கண்ணாடிக் கடைக்குத்தான் வழி காட்டுவாவ. 'நான்' அங்க 'ஙோ'. நம்ம அரிச்சுவடியில சும்மா கெடந்த ஙகரத்துக்கு ஹாங்காங்லதான் வேலை கெடைச்சிருக்கு. உனக்கும் நிலைக்கட்டும்.

கொஞ்சம்போல பயம்னா 'ஙோ யாவ் தி கெங்'. அதைவிடச் சாமர்த்தியமானது 'கெங் கெங் தேய்'. நாம 'பயந்து பயந்து'ன்னு ரெட்டிச்சா பயம் கூடும். அவுக ரெட்டிச்சு வாலுல ஒரு 'தேய்' ஒட்டுனா, பயம் லேசாத் தேஞ்சுரும். பேருலயே இருக்கு பாரு! மொதலாளி முன்னால இதைச் சொல்லு, பயலுக்குப் பணிவு இருக்குன்னு நெனைப்பாரு.

முடிவெடுக்க முடியாம மனசு தத்தளிச்சா 'சப் ங் சப் லுக்', அதாவது பதினஞ்சு பதினாறு. பதினஞ்சு வாளியில ஏழு மேல, எட்டு கீழன்னும் ஒரு பேச்சு உண்டு. உன் மாமி நகைக்கடைக்குள்ள நொழைஞ்சா என் நெஞ்சுக்குள்ள ஓடுறதும் அந்த வாளிதான். கரப்பான் பறந்து மேல விழுந்தா 'ஹாக் சேய் ஙோ', பயங்காட்டியே கொன்னுட்டியேன்னு. அதுக்காக யாரும் ஆம்புலன்ஸ் கூப்புட மாட்டாவ.

செவப்புக் கூரை மினிபஸ்ல ஏறுனா மட்டும் பயத்தை மடியில முடிஞ்சு வச்சுரு. எறங்கணும்னா 'யாவ் லோக்!'னு நீதான் கத்தணும். புதுமாப்பிள்ளை மாதிரி வாய்க்குள்ள முனகுனா, டிரைவர் அடுத்த பேட்டையிலதான் உன்னை எறக்குவான். பக்கத்துல இருக்குற கெழவி 'ம் சாய் கெங்', பயப்படாதேம்பா. அவளுக்கென்ன, அவ எடம் வந்ததும் கணீர்னு கத்தி எறங்கிப் போயிருவா.

கடைசியா ஒண்ணு, 'பா சோ நேய்'. வார்த்தைக்கு வார்த்தை பாத்தா 'உனக்குப் பயந்துட்டேன்'. உள்ள இருக்கிறது என்னன்னா, 'சரி தாயி, நீ சொன்னபடியே ஆகட்டும், ஆளை விடு'. பொறப்படுறதுக்கு முந்தி உன் பொண்டாட்டிகிட்ட ஒருதரம் சொல்லிப் பழகு. என்ன அர்த்தம்னு கேட்டா மட்டும் வாயத் தொறக்காத.